வேப்பிலைப் பெட்டியும் விலை உயர்ந்த ராஜாவும்

முன்னொரு காலத்தில், களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சொந்த அரண்மனையிலேயே பட்டினி கிடந்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் நெடுமுடி வளவன். பஞ்சம் வந்து பட்டினி கிடந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிக்கனம் வந்து பட்டினி கிடந்தவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

அவருக்குச் சிக்கனம் வந்த கதை இப்படி. ஒருநாள் காலையில் வெறுங்காலோடு அரண்மனைச் சமையற்கட்டுப் பக்கம் உலாவப் போனார். உடைந்த சட்டியின் சில்லு ஒன்று உள்ளங்காலில் ஏறிவிட்டது. அலறிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், சமையற்கட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு உடைந்த சட்டிபானைகள் குவிந்து கிடந்தன. மகாராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இவ்வளவையும் யார் உடைத்தது?”

சமையற்காரி முத்தாயி கையைப் பிசைந்தாள். “நாங்கதான் சாமி. மண்ணுச்சட்டிதானே, கை தவறினா போயிருது. மறுநாளே வேற வந்துருது.”

ராஜா நொண்டிக்கொண்டே சபைக்கு வந்தார். சபையின் நடுவில், அவருடைய பாட்டனார் கப்பல் வணிகரிடம் வாங்கிய சீனப் பூச்சாடி நின்றது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. “மண்சட்டி ஒரு வாரம் தாங்குவதில்லை. இந்தச் சாடி மட்டும் மூன்று தலைமுறையாக நிற்கிறதே, எப்படி?” என்று கேட்டார்.

பொக்கிஷத் தலைவர் சோமநாயகர் எழுந்தார். சபையில் இருந்த விகடகவி கூத்தபிரானைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல். கணக்கு வழக்கெல்லாம் தான் பார்க்க, ராஜா சிரிப்பது மட்டும் அவன் பேச்சுக்கா? அந்தக் காந்தல் அவருக்கு வெகு நாளாக இருந்தது.

“அரசே, விலை உயர்ந்த பொருளை எவரும் இரு கையாலும் ஏந்துவர். மலிவான பொருளை ஒற்றை விரலால் தூக்குவர். அரண்மனையில் உள்ள எல்லாவற்றையும் விலை உயர்ந்த பொருளாகவே பேணினால், புதிதாக எதையும் வாங்க வேண்டியிராது. இந்தப் பொறுப்புக்கு நம் கூத்தபிரானைவிடத் தகுந்த அறிவாளி யார்?”

“அருமை!” என்றார் ராஜா. கால் வலி வேறு அவரை உசுப்பிவிட்டது. “கூத்தபிரானே, இன்றுமுதல் அமாவாசை வரை இந்த அரண்மனையில் ஒரு பொருளும் உடையக்கூடாது, கிழியக்கூடாது, தேயக்கூடாது. எல்லோரும் உன் சொல்படி நடப்பார்கள்.”

“தவறினால், அரசே?” என்று சோமநாயகர் வெகு பவ்வியமாக எடுத்துக் கொடுத்தார்.

“தவறினால் இவன் தலை போகும்!”

ராஜாவே தான் சொன்னதைக் கேட்டு ஒரு கணம் திகைத்துவிட்டார். ஆனால் ராஜாக்கள் வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப எடுப்பார்களா? கூத்தபிரான் மனக்கணக்குப் போட்டான். முந்நூறு பேர் புழங்கும் அரண்மனை. அமாவாசைக்குள் ஒரு துடைப்பங்கூடத் தேயக்கூடாது என்றால் அது நடக்கிற காரியமா?

அவன் மெல்லக் கைகூப்பினான். “உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். எல்லாம் விலை உயர்ந்ததாயினும், எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது எதுவென்று தெரிந்தால், அதற்குத் தனிக்கவனம் செலுத்துவேன்.”

சோமநாயகர் முந்திக்கொண்டார். முகஸ்துதி செய்ய இடம் கிடைத்தால் அவர் விடுவாரா! “இது என்ன கேள்வி? நம் மகாராஜாதான்! அவருக்கு மேல் விலை உயர்ந்தது இந்த நாட்டில் ஏது?”

“ஆம், ஆம்!” என்றது சபை. ராஜா மீசையை நீவிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கூத்தபிரான் வீட்டில் இடி விழுந்தது போலிருந்தது. அவன் மனைவி செண்பகம் சேதியைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு சட்டிகூட உடையாமலா? நம்ம வீட்லயே போன வாரம் ரெண்டு போச்சே! எந்தக் குடிகேடன் இந்த யோசனையச் சொன்னான்?”

“அதை விடு. நம் வீட்டில் உடையாமல், கிழியாமல் இருக்கிற பொருள் ஏதாவது உண்டா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “என் கூறைப்புடவை இருக்கு. வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. வெள்ளைத் துணியில சுத்தி, வேப்பிலையும் வசம்பும் போட்டுப் பெட்டியில வெச்சிருக்கேன். வருஷத்துல ஒரு தடவ எடுத்து நிழல்ல உலர்த்தி, மடிப்ப மாத்தி வெப்பேன்.”

“கட்டிக்கொள்வதில்லையா?”

“நல்லாக் கேட்டீங்க! கட்டினாத்தானே கிழியறதுக்கு!”

கூத்தபிரான் அவளையே பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். தலை போகப்போகிற மனுஷன் இப்படிச் சிரிக்கிறானே, பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் இன்னும் அதிகமாக அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் பொழுது விடிந்தது. மகாராஜா கட்டிலிலிருந்து காலை இறக்கினார். பாதுகை இல்லை.

“பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று, மகாராஜா. நடந்தால் தேயுமாம்” என்றான் பணியாள்.

முகம் கழுவத் தண்ணீர் கேட்டார். வெள்ளிச் சொம்பு துணியில் சுற்றப்பட்டிருந்தது. பித்தளைச் சொம்பும் அப்படியே. கடைசியில் மகாராஜா தோட்டத்து வாய்க்காலில் குனிந்து முகம் கழுவினார். பார்த்த தோட்டக்காரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தால் அடுப்பே பற்றவைக்கவில்லை. சட்டிபானை எல்லாம் வைக்கோல் சுற்றிப் பரண்மேல் ஏறியிருந்தன.

“முத்தாயி! சோறு எங்கே?”

“அடுப்புல ஏத்தினா கரி பிடிக்கும், கழுவினா தேயும், எடுத்தா விழும்னு சொல்லிட்டாங்க சாமி. பானைக்கு ஒண்ணுன்னா விகடகவி தலை போயிருமாமே! எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?” என்று இரண்டு வாழைப்பழத்தை நீட்டினாள்.

சபையில் சிம்மாசனத்துக்கு உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் ஆசனம் தேயும் என்று அமைச்சர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வெளியே பக்கத்து நாட்டுத் தூதர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார். ஏனென்றால் கோட்டைக் கதவைத் திறந்தால் கீல் தேயும்.

“கூத்தபிரானே! இது என்ன அநியாயம்?” என்று ராஜா கத்தினார்.

“ஏதேனும் உடைந்ததா, மகாராஜா?”

“இல்லை.”

“கிழிந்ததா? தேய்ந்ததா?”

கொடுத்த உத்தரவு ராஜாவின் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக நின்றது. வீம்புக்கு இரண்டு நாள் வாழைப்பழத்திலேயே ஓட்டினார். மூன்றாம் நாள் அவர் கண் பஞ்சடைந்து, மீசை தொங்கிப்போயிருந்த வேளையில், நான்கு ஆட்கள் ஒரு பெரிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சபைக்குள் வந்தார்கள். பின்னால் கை நிறைய வேப்பிலையும் ஒரு கட்டு வெள்ளைத் துணியுமாகக் கூத்தபிரான்.

“இந்தப் பெட்டி எதற்கு?” என்றார் ராஜா.

“தங்களுக்குத்தான், மகாராஜா.”

ராஜா சுதாரிப்பதற்குள் தலையில் வேப்பிலையைத் தூவி, தோளைச் சுற்றித் துணியைப் போட்டுவிட்டான் கூத்தபிரான்.

“எல்லாவற்றிலும் விலை உயர்ந்தவர் தாங்கள் என்று இந்தச் சபைதானே தீர்மானித்தது? வெயில் பட்டால் தங்கள் நிறம் மங்கும். பேசினால் தொண்டை தேயும். நடந்தாலோ, அன்று போல் காலில் சில்லு ஏறும். தாங்கள் பழுதானால் என் தலை போகும். ஆகையால் தாங்கள் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.”

“எத்தனை நாளைக்கு?” ராஜாவின் குரல் கீச்சென்று வந்தது.

“பட்டுப்புடவை மாதிரிதான், மகாராஜா. நாள் கிழமை வந்தால் வெளியே எடுப்போம். வருஷத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைப்போம்.”

“ராஜத்துரோகம்!” என்று சோமநாயகர் பாய்ந்தார். “மகாராஜாவைப் பெட்டியில் அடைப்பதா? பிடியுங்கள் இவனை!”

கூத்தபிரான் அவர் பக்கம் திரும்பினான். “அப்படியானால் மகாராஜா அவ்வளவு விலை உயர்ந்தவர் அல்லர் என்கிறீர்களா, ஐயா?”

பாய்ந்து வந்த சோமநாயகர் இரண்டடி பின்வாங்கினார். விலை உயர்ந்தவர் அல்லர் என்றால் தன் தலை போகும். விலை உயர்ந்தவர் என்றால் ராஜா பெட்டிக்குள் போவார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட மனுஷன் இப்போது இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார்.

“பதில் சொல்லும், சோமநாயகரே” என்றார் ராஜா, வேப்பிலைக்கு நடுவிலிருந்து.

சோமநாயகர் பெட்டியைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். “விலை உயர்ந்தவர்தான், அரசே. ஆகவே... பெட்டி கொஞ்சம் விசாலமாகத்தான் இருக்கிறது. மூச்சுக்கு ஒரு துளை போட்டால்...”

தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள, மகாராஜாவுக்கு மூச்சுத்துளை போடவும் தயாராகிவிட்டார் பொக்கிஷத் தலைவர்! நெடுமுடி வளவன் அவரை நம்பமுடியாமல் பார்த்தார். பத்து வருஷமாகக் காலையும் மாலையும் தன்னைப் புகழ்ந்த வாயா இது? அந்த அதிர்ச்சியில் அவருக்குப் பசிகூட மறந்துபோயிற்று.

பிறகு, துணி சுற்றிய தோள்கள் மெல்லக் குலுங்கின. அழுகிறாரோ என்று எல்லோரும் பயந்தார்கள். இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மகாராஜா சிரித்துக்கொண்டிருந்தார்.

“அடே கூத்தபிரானே, போதும்! விலை உயர்ந்ததைப் பத்திரமாகப் புழங்கு என்று சொல்ல நினைத்தேன். புழங்காதே என்றல்லவா ஆகிவிட்டது! உன் தலை உன்னுடையதே. இந்த முத்துமாலையும் இனி உன்னுடையது.” மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். “சோமநாயகரே, பொக்கிஷச் சாவியை இங்கே வையும். சமையற்கட்டில் பாத்திரம் துலக்க ஆள் குறைவாம். இரு கையாலும் ஏந்தித் துலக்கும். முத்தாயி, உலை வை!”

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முத்தாயி ஓடினாள். பரண்மேல் ஏறும் சத்தம் கேட்டது. வைக்கோல் சரசரத்தது. அடுத்த கணம் படாரென்று ஒரு பானை கீழே விழுந்து நொறுங்கியது.

முத்துமாலைக்கு மேலே கூத்தபிரானின் முகம் வெளுத்தது. அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது.

மகாராஜா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பின்பு தோளில் கிடந்த துணியை உதறிவிட்டு, “அப்பாடா! சமையல் ஆரம்பித்துவிட்டாள்” என்று சொல்லி, வெறுங்காலோடு சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து ஓடினார்.