சுவரைத் தின்ன செவலை

ஒரு ஊர்ல, மலைச்சரிவுல, சிட்டாயி சிட்டாயின்னு ஒருத்தி இருந்தா. மழை பேஞ்சா அவ வீட்டுக்குள்ள மலை வந்து உக்காந்துக்கும். சிரிக்காதீங்க, நெசமாத்தான். போன மழைக்குத் தொட்டில் வரைக்கும் சேறு ஏறிப்போச்சு. பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கூரை மேல குந்தியிருந்தா பாவம். ஊரு அவளைக் கிறுக்கச்சின்னு சொல்லும். சொல்லட்டும்.

அப்புறம் ராஜா வந்தாரு, மலைக்குக் குறுக்க ஒரு சுவரு வேணும்னாரு. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கிக் கூண்டு கூண்டாக் கட்டுங்க, கூண்டு நிறைய ஆத்துக்கல்லைக் கொட்டுங்க, தண்ணி இடுக்கு வழியா ஓடிரும், மண்ணு நின்னுரும்னு சொல்லி, மணியக்காரன் பூவுலிங்கத்துக்கிட்ட வேலைய ஒப்படைச்சுட்டுப் போனாரு.

அப்புறம் கல்லு ஏறுச்சு, ஏறுச்சு, ஏறுச்சு. எங்க ஏறுச்சு? சுவருக்குப் பக்கத்துலயே பூவுலிங்கத்துக்கு மச்சு வீடா ஏறுச்சு! கேட்டா, மிச்சக்கல்லுன்னான். கூண்டுக்கு முகப்புல மட்டும் ஒத்தை வரிசை கல்லு. உள்ளுக்குள்ள வைக்கோலு. அவன் ஆளுக மூடுன கூடையில கொண்டாந்து அமுக்குனாங்க. யாருக்கும் தெரியலை. சிட்டாயி மட்டும், கல்லு சுமக்குறவன் ஒருத்தனுக்கும் வேர்க்கலையேன்னு கன்னத்துல கை வச்சு யோசிச்சா. யோசிச்சுட்டு, அவ செவலைப் பசுவுக்கு அன்னைக்குத் தீனி போடலை.

மறுநாள் ராஜா சுவரைப் பாக்க வந்தாரு, வானமும் கறுத்துக்கிட்டு வந்துச்சு. அந்த ஊர்ல புதுசா எதைக் கட்டுனாலும் மனுசனுக்கு முன்னாடி மாடு நுழையணும். சிட்டாயி செவலைக்குப் பொட்டு வச்சுக் கூட்டியாந்தா. பூவுலிங்கம் பதறிப்போயி, அதெல்லாம் வீட்டுக்குத்தான், சுவருக்கு எதுக்கு மாடுன்னான்.

"நான் பிள்ளையோட படுக்கப் போறது இதுக்குக் கீழதானே சாமி. அப்ப இது என் வீட்டுச் சுவருதானே?" அப்படின்னா.

ராஜா சரின்னுட்டாரு.

செவலை மோந்து பாத்துச்சு. இடுக்குல வாயை விட்டு ஒரு வாய் இழுத்துச்சு. குருவி கூடு கட்டியிருக்கும் ராஜான்னான் பூவுலிங்கம். இன்னொரு வாய் இழுத்துச்சு. கல்லுக்கு வலிக்காம இருக்க மெத்தை போட்டோம் ராஜான்னான். மூணாவது வாய் இழுத்துச்சு பாருங்க, முகப்புக்கல்லு பொலபொலன்னு சரிஞ்சு, செவலை முழுசா உள்ள போயிருச்சு. வாலு மட்டும் வெளிய ஆடுது. எதாச்சும் சொல்லுய்யான்னாரு ராஜா. பூவுலிங்கம் வாலைப் பிடிச்சு வெளிய இழுத்தான்.

அதுக்குள்ள இடி இடிச்சிருச்சு. சிட்டாயி ராஜா முன்னாடி ஓடியாந்தா. "ஆத்துக்குப் போயி கல்லு எடுக்க நேரமில்லை ராஜா. இந்தா கிட்டக்க ஒரு மலையே இருக்கு"ன்னு மச்சு வீட்டைக் காட்டுனா.

அவ்வளவுதான். வைக்கோலை உருவிப் போட்டுட்டு ஊரே வரிசையா நின்னுச்சு. ராஜாவும் தலைப்பாகையக் கழட்டி வச்சுட்டு நின்னாரு. திண்ணை போச்சு, சுவரு போச்சு, மச்சுப்படியும் போச்சு. பூவுலிங்கம்தான் எல்லாரையும் விடக் கூடச் சுமந்தான், ராஜா பாத்துக்கிட்டே இருந்தாருல்ல! அவனுக்கு வேர்த்த வேர்வையப் பாத்து, இப்பத்தான் இது கல்லுன்னு சிட்டாயி சிரிச்சா.

கடைசிக் கூண்டு நிறையவும் மழை கொட்டுச்சு. விடிய விடியக் கொட்டுச்சு. தண்ணி இடுக்கு வழியாச் சலசலன்னு ஓடுச்சு, மலை நின்ன இடத்துலயே நின்னுச்சு. சிட்டாயி பிள்ளையக் கட்டிக்கிட்டு, கீழ, தரையில, காலை நீட்டிப் படுத்துத் தூங்குனா.

பூவுலிங்கமா? கல்லெல்லாம் போச்சு, வைக்கோல்தானே மிச்சம். அதுலயே வீடு கட்டிக்கிட்டான். தினம் காலையில செவலை போயி ஒரு வாய் இழுக்கும், தினம் சாயங்காலம் அவன் அந்த ஓட்டைய மேஞ்சு முடிப்பான்.

ஊர்ச்சுவரைத் தின்னவன் வீட்டை மாடு தின்னுச்சு, என் கதைய நீங்க தின்னாச்சு, வாயைத் துடைச்சுக்கிட்டுப் படுங்க.