பிளம்பர் வந்த சுவர்

"டீச்சர், கண்ணாடி தூக்குற ரப்பர் பிடி ரெண்டு வேணும். என் வேலையைச் சுவத்துலேர்ந்து கழட்டிடப் போறேன்" என்றார் கோதண்டபாணி.

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குரு எஸ்தருக்கு நாற்பத்தொன்று. சாத்திரங்களில் இதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

எஸ்தர் சூளையின் வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குத்தானே நூலகத் திறப்பு விழா?"

"அதனாலதான் இன்னைக்கே கழட்டணும். இனிமே சூளைப் பக்கமே வர மாட்டேன்."

அது அவருடைய முதல் வேலை. சுவரில் மழைநீர் எப்படி வழிகிறது என்று பார்க்க, ஐப்பசி முழுக்கக் காம்பவுண்டுச் சுவர் முன்னால் குடையோடு நின்றவர் அவர். பக்கத்து வீட்டார் அவர் மனைவியிடம் தனியாக விசாரித்தார்கள்.

பார்த்ததை அச்சாக்கினார். அச்சின்மேல் கண்ணாடியை வைத்துச் சூளையில் இளக்கினார். ஆறு உடைந்தன. ஏழாவது, நூலகத்தின் முன்கூடத்தில் பன்னிரண்டடி உயரத்துக்கு நின்றது.

"என்ன ஆச்சு, சார்?"

"நூலக மேனேஜர் பிளம்பரைக் கூப்பிட்டுட்டார், டீச்சர். சுவர் ஒழுகுதாம்!"

எஸ்தர் இப்போது திரும்பினார்.

"பிளம்பர் என்ன செஞ்சார்?"

"துணியால துடைச்சார்."

"அப்புறம்?"

"மறுபடியும் துடைச்சார். துணியைப் பிழிஞ்சு பார்த்தார்."

"அப்புறமாவது தெரிஞ்சுதா?"

"எங்கே? மாடிக்குப் போய், மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணியை நிறுத்திட்டார். கீழே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார். வடியட்டும்னு."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை மணி நேரம். கக்கூஸுக்குப் போன இன்ஜினீயர் உள்ளேயிருந்து கத்துறார். இவர் சுவத்தை விட்டு அசையலே."

எஸ்தரின் கண்ணாடிகள் ஒன்பது ஊர்களில் இருக்கின்றன. மூன்று விருது வாங்கியவை. மக்கள் பொதுவாக அவற்றின் முன் நின்று தலை வாரிக்கொள்வார்கள்.

"என் மானமே போச்சு. பிடியைக் கொடுங்க, டீச்சர்."

எஸ்தர் எழுந்து போய், பிடிகள் இருந்த அலமாரியைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சார், அந்தப் பிளம்பர் நம்பர் இருக்கா?"

"நல்லாத் திட்டுங்க, டீச்சர்."

"திட்டறதுக்கில்லை. அடுத்த மாசம் ஒரு ஹோட்டல்ல என் கண்ணாடி அருவியை மாட்டறாங்க."

கொஞ்சம் தயங்கினார்.

"வேலை எதுவும் இல்லைன்னா, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லணும்."