சரளை இறக்கத்துக்கு ஒரு ஜோடி

ஆம்பூர் பஜாரில் சீமைக்குப் போக வேண்டிய ஷூக்கள் கிடைக்கும். ஒரு தையல் கோணிக்கொண்டதாலோ, ஒரு துளி பசை வெளியே எட்டிப் பார்த்ததாலோ, கப்பல் ஏற வேண்டிய ஜோடி கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பஜாருக்கு வந்து சேர்ந்துவிடும். இதயத்துல்லா வேலை பார்த்த கடையும் அப்படிப்பட்ட கடைதான். மற்ற கடைகளில் ஷூவோடு ஒரு அட்டைப்பெட்டி கொடுப்பார்கள். இங்கே பெட்டியோடு ஒரு புளுகும் சேர்த்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அல்லிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பாள்.

அல்லி திருப்பத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் தபால் கொடுப்பவள். அங்கே வருஷா வருஷம் பன்னிரண்டு கிலோமீட்டர் மலை ஓட்டம் வைப்பார்கள். போன இரண்டு வருஷமும் அல்லி இரண்டாவது, அமலி டீச்சர் முதலாவது. தோற்றது போகட்டும், தோற்ற விதம்தான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. எட்டு கிலோமீட்டர் வரைக்கும் அல்லிதான் முன்னால். ஒன்பதாவதில் சரளைக்கல் இறக்கம் வரும். அங்கே ஷூ வழுக்கும். அல்லி உட்கார்ந்த வாக்கில் நாலடி சறுக்கிப் போவாள். அந்த நேரம் பார்த்து அமலி டீச்சர் பக்கத்தில் வந்து, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "பாத்துப் போம்மா அல்லி, கல்லெல்லாம் இருக்கில்ல" என்று தேன் தடவிச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார். இரண்டு வருஷமும் அதே இடம், அதே வாக்கியம், அதே தேன்.

ஓட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது தடவையும் அந்த வாக்கியத்தைக் கேட்டால் அந்தச் சரளையிலேயே குடிசை போட்டுத் தங்கிவிடுவதாக அல்லி புருஷனிடம் சொல்லியிருந்தாள். புருஷன் குணாளன், பிரியாணி வாங்கித் தருவதாக அவள் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஆம்பூர் பஸ் ஏறினான்.

"வாங்கக்கா, வாங்கண்ணே, உக்காருங்க. ஓடுறதுக்கா, நடக்குறதுக்கா, கல்யாணத்துக்கா?" என்றான் இதயத்துல்லா.

"ஓடத்தான். கொஞ்சம் தார் ரோடு, கொஞ்சம் மண்ணு, நடுவுல நாலு கிலோமீட்டர் சரளை. வழுக்கக் கூடாது" என்றாள் அல்லி.

"சரளையா" என்று இதயத்துல்லா கண்ணை மூடிக்கொண்டான். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி ஹாஜியார், ஆரம்பித்துவிட்டான் என்பது போல் ஒரு பெருமூச்சு விட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

முதலில் ஒரு நீலக்கலர் ஜோடி வந்தது. கட்டைவிரலால் அமுக்கினால் இட்லி மாதிரி உள்ளே போய்த் திரும்பி வந்தது.

"இது மெத்தைக்கா. போன வருஷம் இதப் போட்டுக்கிட்டு நான் ஆம்பூர்லேருந்து வாணியம்பாடிக்கு ஓடினேன். ரெண்டு ஷூக்குள்ளயும் குதிகாலுக்கு அடியில ஒவ்வொரு முட்டை. பச்ச முட்டை. பந்தயம் அது."

"உடைஞ்சுதா?" என்றான் குணாளன்.

"உடையுறதா? வாணியம்பாடி போயிக் கழட்டுறேன், உள்ளேருந்து கீச்சு கீச்சுனு சத்தம். குஞ்சு பொரிச்சிருக்குண்ணே. ரெண்டு குஞ்சு. உள்ள அவ்ளோ கதகதப்பு."

குணாளன் வீட்டில் கோழி வளர்க்கிறவன். "முட்ட பொரிய இருபத்தோரு நாளு ஆவும்பா. ஆம்பூர்லேருந்து வாணியம்பாடிக்கு இருபத்தோரு நாளா ஓடின?"

"நடுவுல சொந்தக்காரங்க வீடு நெறைய இருக்குண்ணே. தாண்டிப் போனா தப்பா நெனைப்பாங்க."

அல்லி ஷூவைத் திருப்பி அடியைத் தடவிப் பார்த்தாள். தேய்ந்த டயர் மாதிரி வழவழ என்று இருந்தது. "சரளையில வழுக்குமா வழுக்காதா, அதச் சொல்லு தம்பி."

"முட்டையே உடையலன்னேன்."

"முட்டை உடையாது. நான் உடைவேன். அடுத்தது எடு."

அடுத்தது சிவப்பு. அடியில் பல் பல்லாக, முதலை வாயைத் திறந்து படுத்திருப்பது போல் இருந்தது. அல்லிக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அது தன் முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"கிரிப்புன்னா இதாங்க்கா கிரிப்பு" என்று இதயத்துல்லா குரலை இறக்கினான். "இதப் போட்டுக்கிட்டு ஏலகிரி மேலேருந்து ஓடி வந்தேன். எதிர்ல ஒரு ஆடு. சடார்னு நின்னேன். நான் நின்னுட்டேன். மலை நிக்கல. என் காலப் புடிச்சுக்கிட்டு ரெண்டடி முன்னால வந்துருச்சு."

"எது வந்துச்சு?" என்றான் குணாளன்.

"மலைண்ணே. மறுநாள் வி.ஏ.ஓ. செயின எடுத்துக்கிட்டு அளக்க வந்துட்டாரு. அடிவாரத்துல ஒரு அம்மா வீட்டுப் பின்பக்கம் மலை வந்து நிக்குது. அந்தம்மா துணி காயப் போடுற கொடியில பாதி மலைக்குள்ள போயிருச்சு. என்னக் கூப்பிட்டு, தம்பி, வந்த மாதிரியே பின்னால ஒரு தடவ ஓடிக் காட்டு, மலை எடத்துக்குப் போயிரட்டும்னு கெஞ்சுறாங்க."

ஹாஜியார் பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார். "இதயத்துல்லா, மலை வேணாம். பாறையோட நிறுத்து."

"சரிங்க ஹாஜியார். பெரிய பாறைக்கா."

"தார் ரோட்டுல இது எப்பிடி?" என்றாள் அல்லி.

"தார் ரோட்டுல கேக்கவே வேணாம். பேரணாம்பட்டு ரோட்டுல நாலு கிலோமீட்டர் ஓடிட்டுத் திரும்பிப் பாக்குறேன், ரோட்டக் காணோம். அத்தனையும் பல்லுல மாட்டிக்கிட்டு, கோரப்பாயச் சுருட்டுன மாதிரி சுருண்டு என் பின்னாலயே வந்துருக்கு. ஹைவேஸ்காரங்க வந்து கால்ல விழாத குறை. விரிச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

அல்லிக்கு இப்போது ஒன்று பிடிபட ஆரம்பித்தது. இவன் எந்த இடத்தில் பெரிதாகப் புளுகுகிறானோ அந்த இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. ரோட்டையே சுருட்டுகிற ஷூ என்றால், தாரில் போட்டால் ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்து இழுக்கும். மூன்று கிலோமீட்டர் தாரில் இந்தப் பல்லோடு ஓடினால் சரளைக்கு வருவதற்குள்ளேயே கெண்டைக்கால் கல்லாகிவிடும். அமலி டீச்சர் தேனை எடுத்துக்கொண்டு முதல் வளைவுக்கே வந்துவிடுவார்.

"இதையும் வை. வேற?"

மூன்றாவது பச்சை. மூக்கில் தடித்த ரப்பர், அடியில் உள்ளே ஏதோ தகடு. கையில் எடுத்தால் அம்மிக்குழவி எடை.

"கல்லு குத்தாது" என்றான் இதயத்துல்லா. "கல்லுதான் ஒதுங்கும். நான் ஒரு குவாரி வழியா ஓடினேன். மிதிச்ச ஜல்லியெல்லாம் எம்-சாண்டு ஆயிருச்சு. குவாரிக்காரர் அன்னிக்குச் சாயங்காலமே கிரஷர் மெஷின வித்துட்டாரு. தினம் காலைல ஒரு ரவுண்டு வந்துட்டுப் போ, போதும்னாரு."

"இவ்ளோ கனமா இருக்கே. வேகமா ஓட முடியுமா?"

"வேகமா?" இதயத்துல்லாவுக்கு மனசே புண்பட்டுப் போயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இதப் போட்டுக்கிட்டு ஜோலார்பேட்டைக்கு ஓடினேங்க்கா. உச்சி வெயிலு. ஸ்டேஷன்ல போயி நிக்குறேன், எல்லாரும் என்னையே மேலயும் கீழயும் பாக்குறாங்க. என்னடான்னா, எனக்கு நிழலே இல்ல. பின்னால தங்கிருச்சு. அரை மணி நேரம் கழிச்சு அடுத்த பஸ்ல வந்து எறங்குது. எறங்குனதும் எங்கிட்ட மொறைக்குது."

"நிழலுக்கு டிக்கெட் போட்டாங்களா?" என்றான் குணாளன்.

"லக்கேஜ்னு போட்டாங்கண்ணே."

ஹாஜியார் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பஸ்ஸு வேணாம், இதயத்துல்லா. நடந்தே வந்துச்சுன்னு சொல்லு" என்றார்.

குணாளன் சிரித்துவிட்டான். அல்லி சிரிக்கவில்லை. பச்சை ஷூவைக் கீழே வைத்தாள். சரளை இறக்கத்தில் தான் உட்கார்ந்த கோலத்தையும், அமலி டீச்சரின் குரலையும், அந்த வாக்கியத்தையும் இழுத்து இழுத்து இதயத்துல்லாவுக்கு நடித்தே காட்டினாள். "பாத்துப் போம்மா அல்லி" என்ற இடத்தில் கடையில் ஹாஜியார்கூட முகத்தைச் சுளித்தார்.

"இதான் தம்பி என் நெலம. வேகமா ஓட எனக்குத் தெரியும். எட்டு கிலோமீட்டர் அந்தம்மா என் முதுகத்தான் பாத்துக்கிட்டு வருது. கால் வழுக்காம அந்த ஒரு எறக்கத்த எறங்கிட்டேன்னா போதும். நீ மலைய நகத்துனதும் நிழலுக்கு டிக்கெட் எடுத்ததும் இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு நெசம் வேணும். இருந்தா குடு, இல்லன்னா நான் வேற கடை பாக்குறேன்."

இதயத்துல்லா வாயைத் திறந்தான். என்னவோ ஒரு குவாரியும் ஒரு சிறுத்தையும் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்பது தெரிந்தது. சிரமப்பட்டு விழுங்கினான். பாவமாக இருந்தது.

அப்போதுதான் அல்லி கீழ்த்தட்டில் ஓரமாகக் கிடந்த ஒரு ஜோடியைப் பார்த்தாள். சாம்பல் கலர் என்று சொல்லலாம், தூசிக் கலர் என்றும் சொல்லலாம். அழகு என்று மட்டும் சொல்ல முடியாது. அடியில் பல் இருந்தது, ஆனால் குட்டைப் பல். மூக்கில் ரப்பர் இருந்தது, மெல்லிசாக.

"அது?"

"அதுவா" என்றான் இதயத்துல்லா. "அது நல்லா இருக்கும்."

ஹாஜியார் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"அவ்ளோதானா?" என்றாள் அல்லி.

"அவ்ளோதாங்க்கா. தார்ல பரவால்ல. சரளையில புடிக்கும். சேத்துல கொஞ்சம் அப்பிக்கும், ஒரு ஒதறு ஒதறுனா போயிரும். ஈரப் பாறையில மட்டும் நிதானமாப் போகணும். அரை சைஸ் பெருசா எடுத்துக்குங்க, எறக்கத்துல கட்டைவெரலு முட்டி நகம் கருத்துரும். புதுசா அப்பிடியே ஓட்டத்துக்குப் போட்டுடாதீங்க, நாலு நாளு தபால் குடுக்கப் போறப்ப போட்டுப் பழக்குங்க."

"இதப் போட்டு நீ எங்கயும் ஓடலியா? மலை, கிலை?"

"இதுக்குக் கதை ஒண்ணும் இல்லக்கா" என்றான் அவன், வீட்டில் அரிசி இல்லை என்று சொல்கிற குரலில்.

"இதையே கட்டு."

"ஏ அல்லி" என்றான் குணாளன். "மூணு ஷூவப் பத்தி இவ்ளோ பேசுனான். இதப் பத்தி ஒரு வார்த்த நல்லதாச் சொல்லலியே."

"அதனாலதான்" என்றாள் அல்லி.

அவர்கள் படி இறங்கும்போது ஹாஜியார் இதயத்துல்லாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்குப்படி பிரியாணி ஆயிற்று. திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அல்லி, பக்கத்தில் குணாளன். பஸ் கிளம்புவதற்கு முன்பே குணாளனின் தலை அவள் தோளுக்கு வந்துவிட்டது. ஊரைத் தாண்டியதும் ரோடு வேலை. பாதி ரோட்டில் தார், பாதியில் புதிதாகக் கொட்டிப் பரப்பிய ஜல்லி, நடுநடுவே தண்ணீர் லாரி விட்டுப்போன சேறு. பஸ் எறும்பு வரிசையில் கடைசி எறும்பு மாதிரி ஊர்ந்தது.

அல்லி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே வந்தாள். புளுகன் ஒருவன் புளுகவில்லை என்பதற்காக ஒரு ஷூவை வாங்குவது புத்திசாலித்தனமா, பிரியாணிக்கு முன்னால் வந்த பசி மயக்கமா? ஒரு வேளை அந்த ஷூ அவனுக்கே சொல்ல ஒன்றும் தோன்றாத அளவுக்கு மட்டமோ? அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது கிலோமீட்டரில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, அக்கோவ்."

ஜன்னலுக்கு வெளியே இதயத்துல்லா. பஸ்ஸை ஒட்டி ஓடி வந்துகொண்டிருந்தான்.

"எதாவது விட்டுட்டு வந்துட்டனா தம்பி?"

"நான்தாங்க்கா விட்டுட்டேன். எங்க கடையிலேருந்து கதையில்லாம ஒரு ஜோடி இதுவரைக்கும் போனதில்ல. மனசு கேக்கல. சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"சொல்லு."

"அதான் வரமாட்டேங்குது. எதுக்கு வரலன்னு இப்பத்தான் வழியில தோணுச்சு." ஜல்லிக் குவியல் ஒன்று குறுக்கே வந்தது. ஏறி இறங்கினான், பேச்சு நிற்கவில்லை. "மத்ததெல்லாம் நான் காலுல மாட்டிக்கூடப் பாத்ததில்லக்கா. இது நான் போடுறது. மூணு வருஷமா தினம் காலைல இதப் போட்டுத்தான் ஓடுறேன். தெரிஞ்ச பொருளப் பத்திப் புளுகு வரமாட்டேங்குது."

அல்லி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். அதே தூசிக் கலர். பரப்பிய ஜல்லியில் கால் பதிந்து எழுந்தது, ஒரு கல் நகரவில்லை. சேற்றில் இறங்கினான், ஒரு உதறு, தாருக்கு வந்தான். தாரில் நாலு எட்டு, மறுபடி ஜல்லி. ரோடு சரிவாக இறங்கிய இடத்திலும் அந்தக் கால் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அல்லி மனசுக்குள் தன் காலை அந்தக் காலுக்குள் வைத்து, ஒன்பதாவது கிலோமீட்டரை ஒரு தடவை இறங்கிப் பார்த்தாள். கீழே வந்து சேர்ந்தபோது பக்கத்தில் யார் குரலும் கேட்கவில்லை.

"போதும் தம்பி, நில்லு. பஸ்ஸு வேகம் எடுக்கப் போவுது" என்றாள்.

"எடுக்கட்டும்க்கா. இவ்ளோ நேரம் பஸ்ஸுக்காகத்தான் மெதுவா வந்தேன்."

சொன்னவன் பஸ்ஸைத் தாண்டினான். டிரைவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டிவிட்டு, முன்னால் போன தண்ணீர் லாரியையும் தாண்டி, தூசிக்குள் போய் மறைந்தான். அவன் தாண்டுகிறபோதே கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறுறதா இருந்தா ஏறு, இல்லன்னா வழிய விடு" என்று ஒரு விசில் கொடுத்தார்.

விசில் சத்தத்தில் குணாளன் விழித்தான். "யாராண்ட பேசினு வர?"

அல்லிக்கு மூச்சு வாங்கியது, அவளே ஓடியது போல. "அந்தக் கடைக்காரத் தம்பிதாங்க. கதை சொல்ல மறந்துட்டாராம், கடையிலேருந்து பஸ் கூடவே ஜல்லி மேல ஓடி வந்தாரு. அவரும் இதே ஷூதான். ஒரு கல்லு நகரல. பேசிக்கிட்டே வந்தாரு, அப்புறம் நம்ம பஸ்ஸயும் முந்தி, முன்னாடி போன லாரியவும் முந்திப் போயிட்டாரு."

குணாளன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முன்னால் பார்த்தான். தூசி. பின்னால் பார்த்தான். அங்கேயும் தூசி. தலையை உள்ளே இழுத்து, அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரு மணி நேரந்தான் அந்தக் கடையில உக்காந்திருந்த. அதுக்குள்ள உனக்கும் ஒட்டிக்கிச்சு பாரு."