முழங்காலுக்காக வந்த மோட்டார் சைக்கிள்

"ஆசை எப்போது அடங்கும், அம்மா?" என்று கேட்டான் பூமிநாதன்.

"எதன்மேல் உள்ள ஆசை?"

"பொதுவாகக் கேட்கிறேன்."

"பொதுவாக ஆசைப்படுகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு, குரு கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

அவனுடைய ஆசைக்கு இரண்டு சக்கரங்கள் இருந்தன.

சீடன் என்றதும் மீசை முளைக்காத பிள்ளையை எண்ணிக்கொள்ள வேண்டாம். அவனுக்கு வயது நாற்பத்தொன்பது. குரு நித்தியகல்யாணி அவனைவிட ஆறு வயது இளையவர்.

சோப்புக்கும் தலைவலித் தைலத்துக்கும் இருபது ஆண்டுகள் விளம்பரம் எழுதிவிட்டு, பொய் அலுத்துப்போய்க் கூகைமலை மடத்துக்கு வந்தவன் அவன். அலுத்துப்போயிற்று என்பது அவனே சொன்னது. கை எதையும் மறந்திருக்கவில்லை.

மடத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏறி நின்றால் கிடைக்கும்.

தியானம் செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் அந்தப் பாறைக்குப் போவான். தார்ச்சாலையிலும் ஓடும், கரட்டுப் பாதையிலும் ஏறும் என்று சொல்லப்பட்ட மோட்டார் சைக்கிள்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

புதியவை எட்டாத விலை. பழைய வண்டிகளை விற்கும் இணையதளம் ஒன்றில், வடக்கே ஏதோ ஓர் ஊரில், மலிவாக ஒன்று நின்றது. பணத்தைக் கட்டினால் லாரியில் ஏற்றி அனுப்புவார்களாம்.

படத்தில் அது ஒரு பனிமலையின் முன்னால் கம்பீரமாக நின்றது. பக்கத்தில் மனிதர் எவரும் இல்லை.

வாங்குவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் மடத்தின் அன்பர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலை வணக்கமும் பூப்படமும் அனுப்பிவைப்பது அவன் பொறுப்பு.

மழைக்காலம் முடியும்வரை குரு மலையைவிட்டு இறங்குவதில்லை, அன்பர்களும் மேலே வருவதில்லை என்பது மடத்து வழக்கம். மழை தொடங்கிய வாரத்தில் அவன் அந்தக் குழுவில் எழுதினான்:

'அம்மாவுக்கு முழங்கால் வலி. வாய்விட்டுச் சொல்லமாட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நான் மட்டும் பார்க்கிறேன். மலைப்பாதைக்கு ஏற்ற ஒரு வண்டி இருந்தால்...'

அவனுடைய இருபது ஆண்டு அனுபவமும் அந்த மூன்று புள்ளிகளில் இருந்தது.

குருவின் முழங்கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மலையில் ஏறுவதைப் பார்த்தால் ஆட்டுக்குட்டிகள் வெட்கப்படும். அவரிடம் கைப்பேசியும் இல்லை.

பணம் சேர்ந்தது. வண்டி புறப்பட்டது.

*

லாரி அடிவாரத்தோடு நின்றுவிட்டது.

"மலைக்கெல்லாம் ஏறாது சார். இங்கேயே எறக்கிக்கங்க" என்றார் ஓட்டுநர்.

அடிவாரத்தில் இருந்தது ஒரே ஒரு மளிகைக் கடை, அந்தக் குழுவிலும் இருந்த ராக்கம்மாளுடையது. அதன் வாசலில் மரச்சட்டமும் அட்டையும் சுற்றிய அந்தப் பெரும் பொதியை இறக்கிவைத்தார்கள்.

ராக்கம்மாள் கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார். பூமிநாதன் சட்டத்தைப் பெயர்த்தான். கைப்பிடி திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. கண்ணாடிகள் பஞ்சுத்தாளில் தனியே தூங்கின. தீப்பிடிக்கும் என்று பெட்ரோலைச் சொட்டுவிடாமல் வடித்துவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

அட்டையை உரித்ததும் இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"தம்பி, இது வண்டியா, ஒட்டகமா?"

இருக்கை அவன் இடுப்புக்கு மேலே இருந்தது. படத்தில் பக்கத்தில் ஏன் ஆள் இல்லை என்பது அவனுக்கு அப்போது விளங்கியது.

தாவி ஏறினான். ஏறிய பின் கால்கள் இரண்டும் காற்றில் துழாவின. வண்டி ஒரு பக்கமாகச் சாய, கடையின் தூணைக் கட்டிக்கொண்டான்.

"காலு தரையத் தேடுதே!" என்று ராக்கம்மாள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"ஆமா, முட்டி வலியோட அம்மா எப்படி இதுல காலத் தூக்கிப் போடுவாக?"

பூமிநாதனுக்குத் தூண் மட்டுமே துணையாக இருந்தது.

"படி ஒன்று பொருத்திவிடலாம்" என்றான்.

"அப்பச் சரி."

ராக்கம்மாள் உடனே நம்பிவிட்டார். இன்னும் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அவர் எழுந்து கடைக்குள் போகப் பார்த்தார். பெஞ்சில் ஒரு கை, சுவரில் ஒரு கை. முழங்காலில் சடக்கென்று ஓர் ஓசை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கும் வலியா?" என்று கேட்டான்.

"எனக்கு அஞ்சாறு வருசமா இருக்கு. அதான் நீங்க எழுதுனதப் படிச்சதும் மனசு கேக்கல. பெரியாஸ்பத்திரியில காட்டலாம்னு வச்சிருந்தத அப்படியே குடுத்துட்டேன்."

"உங்கள் வைத்தியம்?"

"தை மாசம் பாத்துக்கலாம். எனக்கென்ன, கடையில உக்காந்துதான இருக்கேன்? அவுக மலை ஏறணும்ல?"

பூமிநாதன் வண்டியின்மேல் தார்ப்பாயைப் போர்த்தினான். நான்கு மூலையிலும் கல் வைத்தான். ராக்கம்மாளின் முகத்தைப் பார்க்காமல் மலையேறினான்.

*

மறுநாள் காலை பால்காரர் பாலோடு ஒரு சிறு பாட்டிலையும் கொண்டுவந்தார்.

"கடைக்கார அம்மா குடுத்துச்சு. முடக்கத்தான் எண்ணெயாம். அம்மாவோட முட்டிக்காம். வண்டியும் வந்துருச்சுன்னு சொல்லச் சொல்லுச்சு."

குரு பாட்டிலை வாங்கினார். மூடியைத் திறந்து முகர்ந்தார். பூமிநாதனைப் பார்த்தார். அவன் பால் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த முழங்காலுக்கு?" என்று கேட்டார் குரு.

"அது சொல்லலீங்களே" என்றார் பால்காரர்.

"பூமிநாதன், எந்த முழங்காலுக்கு?"

உண்மையைச் சொல்ல அது நல்ல வாய்ப்பு. அவன் ஒரு விவரத்தைச் சேர்த்தான்.

"இடது."

"சரி" என்றார் குரு.

எழுந்தார். இடது காலை ஊன்றும்போது முகத்தைச் சுளித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, அடுக்களைக்குள் போனார்.

பால்காரர், "ஐயோ பாவம், இந்த வயசுலயா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அன்றிலிருந்து குரு நொண்டினார்.

கிணற்றுக்கு நொண்டிப் போனார். பூப்பறிக்க நொண்டிப் போனார். சம்மணம் இட்டு உட்கார்ந்துவந்தவர் முக்காலி கேட்டார். பூமிநாதன் கொண்டுவந்து போட்டான். "நன்றி" என்றார்.

அவர் ஏசிப் பேசுவார் என்று காத்திருந்தான். பேசவில்லை. வண்டியைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தான். கேட்கவில்லை.

ஒருநாள் அவனே போய் முன்னால் நின்றான்.

"அம்மா, இப்படி நடக்காதீர்கள்."

"வேறு எப்படி நடப்பது? நீங்கள் சொன்னபடிதான் நடக்கிறேன்."

"என்னைத் திட்டிவிடுங்கள்."

"முழங்கால் வலிக்காரிக்குத் திட்டத் தெம்பு எங்கே இருக்கிறது?"

"நான் என்ன செய்ய வேண்டும் என்றாவது சொல்லுங்கள்."

"அந்த முக்காலியை இந்தப் பக்கம் நகர்த்துங்கள்" என்றார் குரு.

*

மழை விட்டது. குரு அடிவாரத்துக்குப் புறப்பட்டார்.

மலைக்கு இரண்டு வழிகள். ஒன்று சுற்றிக்கொண்டு போகும் மண்பாதை. மற்றொன்று பாறைக்கும் சரிவுக்கும் நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதை. குரு இரண்டாவதில் இறங்கினார், நொண்டிக்கொண்டே. பூமிநாதன் பின்னால் நடந்தான்.

பார்ப்பதற்கு யாரும் இல்லாத இடத்திலும் அவர் நொண்டினார். பிசகாமல் இடது காலில்.

ராக்கம்மாளின் முன்னால் வைத்துத் தன்னை நார்நாராகக் கிழிக்கப் போகிறார் என்று அவன் நினைத்தான். கிழித்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தான். பிறர் வாயால் வெளிவந்துவிட்டால் தன் வாய்க்கு வேலை மிச்சம்.

குருவைக் கண்டதும் ராக்கம்மாள் பதறினார்.

"நடந்தா வந்தீக தாயி? ஒரு வார்த்த சொல்லிவிட்டிருந்தா நானே மேல வந்திருப்பேனே!"

தன் கடையின் வாசற்படியை இறங்கவே சுவரைப் பிடிக்கிறவர் இதைச் சொன்னார்.

குருவைப் பெஞ்சில் உட்காரவைத்தார். உள்ளே போய்ச் சிறு கிண்ணத்தில் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்தார்.

"எந்தக் காலு தாயி?"

"அவரைக் கேளுங்கள்" என்றார் குரு. "அவருக்குத்தான் தெரியும்."

ராக்கம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"இடது" என்றான் பூமிநாதன். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது காதுமடல் வரைக்கும் சுட்டது.

ராக்கம்மாள் தரையில் உட்கார முயன்றார். முதலில் பெஞ்சின் விளிம்பைப் பற்றினார். பிறகு, தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வண்டியின் முன்சக்கரத்தைப் பற்றினார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். முழங்கால் சடக்கென்றது. "முருகா" என்று தரையில் விழுந்தாற்போல உட்கார்ந்தார்.

குரு இடது காலை நீட்டினார்.

ராக்கம்மாள் தேய்த்தார். மேலிருந்து கீழே, பக்கவாட்டில், எலும்பின் குழியில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தி.

"வீக்கமே இல்ல தாயி. சீக்கிரம் கேட்டுரும். பயப்படாதீக. என்னுதப் பாருங்க, பலாக்கொட்ட வச்சுத் தச்ச மாதிரி இருக்கு."

குரு காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கிண்ணம் காலியானது. ராக்கம்மாள் அதை விரலால் வழித்துக் குருவின் முழங்காலில் பூசினார். உள்ளங்கையில் கொஞ்சம் பிசுபிசுப்பு மிஞ்சியிருந்தது. வீணாக்க மனமில்லாமல், புடவையைச் சற்றே விலக்கி, அதைத் தன் முழங்காலில் துடைத்துக்கொண்டார்.

"வலி இல்லை" என்றான் பூமிநாதன்.

"என்ன தம்பி?"

"அம்மாவுக்கு வலி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. வண்டி எனக்காக. எனக்கு ஓட்ட ஆசை. பொய் எழுதினேன்."

ராக்கம்மாள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார்.

"செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தாகன்னு எழுதியிருந்தீகளே?"

"அதுவும்."

"அந்த எடத்துலதான நான் அழுதேன்."

ஒரு பேருந்து வந்து, திரும்பி, போனது.

ராக்கம்மாள் எழ முயன்றார். பூமிநாதன் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிடிக்கவில்லை. வண்டியின் சக்கரத்தைப் பிடித்தார், பிறகு கைப்பிடியை. இரண்டுமுறை தடுமாறி நிமிர்ந்தார்.

"இதுக்காச்சும் ஆகுது" என்றார்.

"வண்டியை விற்றுவிடுகிறேன். எல்லாருக்கும்..."

"வித்துக்க, என்னமோ பண்ணு. திங்கக்கெழம நான் கைமாத்து வாங்கியாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பஸ்ல ஏறவும் முடியல, கூட்டத்துல வரிசையில நிக்கவும் முடியல. கூட வருவியா?"

இதுவரை 'நீங்க' என்று சொன்ன வாய்.

"வருகிறேன்."

"பொய் சொல்லிறாத" என்றார் ராக்கம்மாள். காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

*

அவன் திரும்பிப் பார்த்தபோது பெஞ்சில் குரு இல்லை.

ஒற்றையடிப் பாதையில் பாதி தூரத்தில் அவரைப் பிடித்தான். அவர் நொண்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்.

"அம்மா! சொல்லிவிட்டேனே!"

"கேட்டேன்."

"பிறகு ஏன் இன்னும்?"

குரு பாறையில் கையை ஊன்றி நின்றார்.

"எத்தனை பேரிடம் எனக்கு வலி என்று சொன்னீர்கள்?"

பூமிநாதன் தலையைக் குனிந்தான். "குழுவில் உள்ள எல்லாரிடமும்."

"ராக்கம்மாளுக்கு என் வலி தீர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு இருக்கிறதே."

அவன் அவசரமாகக் கைப்பேசியை எடுத்தான். சிக்னல் இல்லை. கீழே கடை வாசலில் கிடைக்கும். அங்கே மறுபடியும் போய் நிற்க அவனுக்கு முகம் இல்லை. மேலே பாறையில் கிடைக்கும்.

"இப்போதே எழுதிவிடுகிறேன், அம்மா. கொஞ்சம் வழி விடுங்கள். நான் முன்னால் ஓடிப் போகிறேன்."

ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் சரிவு.

"முழங்கால் வலிக்காரி மெதுவாகத்தான் ஏறுவாள்" என்று சொல்லிவிட்டுக் குரு தன் இடது காலை அடுத்த கல்லின்மேல் இழுத்து வைத்தார்.