புற்றுக்குப் புற்று நடந்த கரடி

ஒரு மலையடிவாரக் காட்டில் மூக்காயி என்ற கரடி இருந்தது. குட்டி போட்டபின் இரண்டு மாதம் அது குகையை விட்டு அதிகம் நகரவில்லை. கால்களில் வலு போய்விட்டது. பத்து எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது.

அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் இருந்த ஒரே குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. அது வற்றிவிட்டால் மலையைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். குட்டிகள் இரண்டையும் சுமந்துகொண்டு போக வேண்டும்.

"இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவேன்?" என்று மூக்காயி புள்ளிமானிடம் கேட்டது.

"ஓடு! தினமும் விடியற்காலையில் என்னோடு ஓடிவா!" என்றது மான்.

மூக்காயி ஓடியது. இரவில் விழித்திருக்கும் கரடி கண் அயரும் நேரம் அது. மூன்றாம் நாள் ஓடும்போதே தூங்கி, முள்புதரில் விழுந்தது.

"உனக்குச் சோம்பல்!" என்று சொல்லிவிட்டு மான் போய்விட்டது.

"ஓட்டம் எதற்கு? கிளையில் தொங்கு! காலையில் நூறு தடவை, மாலையில் நூறு தடவை!" என்றது மரத்தில் இருந்த மந்தி.

மூக்காயி தொங்கியது. கிளை முறிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. நொண்டி நொண்டிக் குகைக்கு வந்தால், தனியாக இருந்த குட்டிகள் அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தன.

"என்னால் ஆகாது. நாம் இங்கேயே கிடப்போம்" என்று மூக்காயி அவற்றை அணைத்துக்கொண்டது. அழக்கூடத் தெம்பில்லை.

பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றி அதைக் கேட்டு வந்தது. அதுவும் ஒரு தாய்தான்.

"நீ சோம்பேறி இல்லை, அக்கா. அசந்து போயிருக்கிறாய். முதலில் தூங்கு. அப்புறம் சொல், யாரும் சொல்லாமலே நீ செய்கிற வேலை எது?"

"புற்று தோண்டுவது. கறையான் வாசனை வந்தால் கை சும்மா இருக்காது. ஆனால் குட்டிகளை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போக முடியும்?"

"ஏன் விட்டுவிட்டுப் போகிறாய்? முதுகில் ஏற்றிக்கொள்!"

மறுநாள் மாலை மூக்காயி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பக்கத்துப் புற்றுவரை போனது. தோண்டியது, தின்றது, திரும்பியது. அவ்வளவுதான். சில நாள் கழித்து அடுத்த புற்று. பிறகு மேட்டின்மேல் இருந்த புற்று. முடியாத நாளில் படுத்துக்கொண்டது.

"இதெல்லாம் ஒரு பயிற்சியா!" என்று மான் சிரித்தது. மூக்காயி தோண்டிக்கொண்டே இருந்தது. வாய் நிறையக் கறையான்.

பங்குனி கடைசியில் குளத்தில் சேறு மட்டும் மிஞ்சியது. மான்களும் மந்திகளும் காலையிலேயே புறப்பட்டுவிட்டன. மூக்காயி வெயில் தாழ்ந்தபின் கிளம்பியது. குட்டிகள் இப்போது இரண்டு மடங்கு கனம். பாதி மலையில் உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடி உட்கார்ந்தது.

"அம்மா, ஆறு வந்துவிட்டதா?"

"வரும். கெட்டியாகப் பிடித்துக்கொள்."

மறுநாள் மதியம் அது ஆற்றங்கரையில் இறங்கியது. எல்லாருக்கும் கடைசி. குட்டிகள் சறுக்கி இறங்கித் தண்ணீரில் வாய் வைத்தன.

மான் எழுந்து நின்றது. "ஏறிவிட்டாயே! எப்போது பழகினாய்?"

"பழகவா? புற்று தேடி நடந்தேன்" என்று சொல்லிவிட்டு மூக்காயி தண்ணீரில் முகத்தை அமிழ்த்தியது.

நம் இயல்புக்கும் அன்றாட வாழ்வுக்கும் ஒத்துவருகிற பயிற்சியே கடைசிவரை கைகொடுக்கும்.