சைக்கிள் ஷெட்டில் ஒரு மருதமரம்

சவரிமுத்து பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் பாடம் நடத்திவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். தாவரவியல் துறையில் வயதில் மூத்தவர் அவர்தான். வேலையில் புதியவரும் அவர்தான். துறைத்தலைவி ஹமீதா பானு அவரைவிட ஏழு வயது இளையவர். இருந்தாலும் சந்தேகம் என்று வந்தால் சவரிமுத்து அவர் அறைக்குத்தான் போவார்.

அன்று அவர் சந்தேகத்தோடு போகவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தோடு போனார்.

“மேடம், இரண்டாம் வருஷம் இசக்கியம்மாள். கல்லூரிக்குள்ள சுத்தி, இருபது செடியை நேர்ல பார்த்து வரையணும்னு சொல்லியிருந்தேன். அந்த நாளெல்லாம் ஆளே வரலை. போன வருஷத்துப் பொண்ணு ஒருத்தியோட ரெக்கார்டு நோட்டை அப்படியே காப்பியடிச்சிருக்கா.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க, சார்?”

சவரிமுத்து பக்கத்தைத் திறந்தார். ‘நூலகத்துக்குப் பின்னால்’ என்று குறித்த மருதமரம். வழவழப்பான பட்டை, ஐந்து சிறகுள்ள காய். படம் அழகாகத்தான் இருந்தது.

“அந்த மரம் புயல்ல விழுந்து மூணு வருஷமாச்சு. அங்க இப்ப சைக்கிள் ஷெட் நிக்குது. இவளை பிராக்டிகல் பரீட்சைக்கு விடக் கூடாது மேடம். ஒரு வருஷம் போனாத்தான் புத்தி வரும்.”

“போன வருஷத்து நோட்டு இருக்கா?”

அதையும் கொண்டுவந்திருந்தார். ஹமீதா மருதமரத்தின் பக்கத்துக்கு வந்தார். கீழே பச்சை மையில் ‘மிக நன்று’. அதன்கீழ் ஒரு கையெழுத்து. ஹமீதாவின் கையெழுத்து.

சவரிமுத்து நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“இதை நான் கவனிக்கலை மேடம்.”

“நானும்தான் கவனிக்கலை.”

இசக்கியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

“மேடம், எங்கம்மைக்கு மேலுக்குச் சரியில்லாம...”

“காரணம் கேக்கலைம்மா. இங்க வா. இது யார் கையெழுத்து?”

அவள் பயந்து பயந்து சொன்னாள். “உங்களுதுதான் மேடம்.”

ஹமீதா பேனாவைத் திறந்தார். தன் கையெழுத்தின்கீழ், ‘பார்க்காமல் போட்டது’ என்று எழுதித் தேதி போட்டார். பிறகு இசக்கியம்மாளின் நோட்டை இழுத்து அதில் பூஜ்யம் போட்டார்.

“பத்து நாள் தர்றேன். இருபதும் புதுசா. பிந்திக் குடுக்கிறதால பாதி மார்க்குதான். காலையில எட்டு மணிக்கு நான் சைக்கிள் ஷெட்ல இருப்பேன். எனக்கும் இருபது இருக்கு.”

அவள் போனதும் சவரிமுத்து கேட்டார். “காரணத்தைக் கேட்டிருக்கலாமே மேடம். உண்மையா இருந்தா?”

“உண்மையா இருந்தா பத்து நாள் உதவும். பொய்யா இருந்தா, நாம கேக்கக் கேக்க அதையும் எங்கயாவது காப்பியடிச்சுக் கொண்டு வருவா.”

மறுநாள் காலை சவரிமுத்து மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். சைக்கிள்களுக்கு நடுவே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குப்பைமேனிச் செடியின் முன் துறைத்தலைவி குந்தியிருந்தார். சைக்கிளை நிறுத்த வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் நிமிரவில்லை.

இரண்டு நாள் இசக்கியம்மாள் வரவில்லை. மூன்றாம் நாள் தூணுக்குப் பின்னால் நின்றாள். நான்காம் நாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே இலையை ஹமீதா நாலு தடவை ரப்பரால் அழித்தார். அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்தில், பிள்ளைகள் முன்னால் தான் ஒருநாளும் ரப்பரை எடுத்ததில்லை என்று சவரிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது.

பத்தாம் நாள் இசக்கியம்மாள் அவர் மேஜையில் நோட்டை வைத்தாள்.

“பதினெட்டுதான் சார் இருக்கு. மிச்சம் ரெண்டும் கூட்டுக்காரி நோட்டுல இருந்துச்சு. வேண்டாம்னுட்டேன்.”

சற்று நேரத்தில் ஹமீதாவும் வந்து தன் நோட்டை அதன்மேல் வைத்தார்.

“என்னுதையும் நீங்களே திருத்துங்க, சார்.”

சவரிமுத்து பேனாவோடு உட்கார்ந்தார். இரண்டு நோட்டையும் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஹமீதாவின் அறைக்கு வந்தார்.

“மேடம், குப்பைமேனி இலையை இசக்கியம்மாள் அங்கங்க ஓட்டையா வரைஞ்சிருக்கா. நீங்க முழு இலையா வரைஞ்சிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே செடி முன்னாலதானே உக்காந்திருந்தீங்க? யாருக்கு மார்க்கைக் குறைக்கட்டும்?”

ஹமீதா வேலையிலிருந்து நிமிர்ந்தார்.

“செடி அங்கதான் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்து குறைங்க, சார்.”