எந்த லினக்ஸ் நல்லது?

கல்லூரி நூலகர் அருள்தாசுக்குத் தலை நரைத்துவிட்டது. அவருடைய குரு நஸ்ரீனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கல்லூரியின் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். ஞானத்துக்கு வயது ஏது என்று அருள்தாசே சொல்லிக்கொள்வார்.

கணினியை இயக்கும் லினக்ஸில் பல வகை உண்டு; நூலக மென்பொருளை அதில் எந்த வகையில் நிறுவுவது என்று முதல் நாள் கேட்டார்.

"டெபியன் போடுங்க சார். மென்பொருளைச் செஞ்சவங்களே அதுலதான் சோதிச்சுப் பாக்குறாங்க."

இத்தனை சுலபமாகக் கிடைத்த பதிலை மனிதர் நம்புவாரா? உபுண்டு போட்டார். ஃபெடோரா போட்டார். இதைவிட நல்லது இருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். பெண் பார்க்கிற வீட்டிலெல்லாம் பஜ்ஜி தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் வருகிறவன் கதைதான்.

மென்பொருள் ஓடத் தொடங்கும்வரை யாருக்கும் புத்தகம் கிடையாது. புத்தகம் வெளியே போனால் இருப்பும் கணினிப் பதிவும் ஒத்துப்போகாதாம். பழைய கார்டுகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்.

மெர்சி என்ற மாணவி மட்டும் சேர்ந்த நாளிலிருந்து விடாமல் வந்து புத்தகம் கேட்பாள்.

"அடுத்த மாசம் வாம்மா. உனக்குத்தான் முதல் புத்தகம்." மனதாரத்தான் சொன்னார்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. நூலகத்துக்கு வந்த நஸ்ரீனைப் பிடித்துக்கொண்டார்.

"ஆல்மாலினக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களேம்மா, அது எப்படி?"

அவள் பதில் சொல்லுமுன் மெர்சி உள்ளே வந்தாள்.

"சார், நோ டியூ கையெழுத்து. டி.சி. வாங்கப் போறேன்."

நூலகத்துக்குத் திருப்பித் தர வேண்டியது ஒன்றுமில்லை என்று நூலகர் கையெழுத்துப் போட்டால்தான் படிப்பு முடிந்தவர்கள் கல்லூரியை விட்டுப் போக முடியும்.

"நீ புத்தகமே எடுக்கலையேம்மா!" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது.

"ஆமா சார். நீங்க குடுக்கலையே," என்று தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அருள்தாஸ் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் அலமாரிகள் நிறையப் புத்தகங்கள், ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. வெட்கமாக இருந்தது.

"இன்னைக்கே டெபியன் போட்டுடறேம்மா," என்றார்.

"போடுங்க சார்," என்றாள் நஸ்ரீன். "அவ நமக்குப் பாக்கி இல்லன்னு நீங்க கையெழுத்துப் போட்டாச்சு. நாம அவளுக்குப் பாக்கி இல்லன்னு கையெழுத்துப் போட அவ திரும்பி வர மாட்டா."